தலைக்கணக்கு

1957 ஜனவரி 6, ஞாயிறு

பல் பிடுங்கப் போயிருந்த நேரத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

மாலையில் நூருல் அமீன் பாய் வீட்டுக்கு வந்து சேதி சொன்னார். காகிதக் கடை வைத்திருப்பவர். வளர்மதி தமிழ்ப் பாடசாலையின் பொருளாளர். "கமிட்டி ஒரு மனதா உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கு, அழகப்பன். கப்பல் கம்பெனி கிராணி, ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகின கை." என் வாயில் பஞ்சு. வலியில் தலையை ஆட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கோப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போகிறேன். உள்ளே போனதில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

முதல் கூட்டம். பொருள் ஒன்று: மூன்றாம் வகுப்பின் கூரை ஒழுகுகிறது. பொருள் இரண்டு: தலைவரின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது. அவசரம் கருதி இரண்டாவதை முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

தலைவர் மருதப்பன் அவர்கள் துணிக்கடை முதலாளி. கட்டடம் அவருடையது, ஜப்பான்காரன் சண்டை முடிந்த வருடமே வாடகையில்லாமல் பள்ளிக்குக் கொடுத்தவர். படம் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் கிழக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு மணி இருபது நிமிடம் கழித்துக் கிழக்குச் சுவர் முடிவாயிற்று.

அதற்குள் மழை. நாற்காலிகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டோம். "மழை பெய்துகொண்டிருந்தபடியால் ஒழுகலைப் பார்வையிட இயலவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது." என் கையெழுத்தில் எழுதிய முதல் தீர்மானம் இது.

பிப்ரவரி 13, புதன்

அரைநாள் லீவு போட்டுப் பள்ளியைப் பார்க்கப் போனேன். கமிட்டி ஆள் ஒருவர் பாடம் நடக்கும் நேரத்தில் வந்தது இதுதான் முதல்முறை போலிருக்கிறது. பிள்ளைகள் எழுந்து நின்று "போய் வருகிறோம் ஐயா" என்றார்கள். ஆண்டுவிழா முடிவில் சொல்லப் பழக்கியதாம்.

அறுபத்து மூன்று பிள்ளைகள், ஆறு வகுப்பு, மூன்று ஆசிரியர்கள். தலைமையாசிரியை ரஷீதா டீச்சருக்கு இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. ஒரே கூடத்தில் நாலாம் வகுப்பு ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, ஐந்தாம் வகுப்பு மறுபக்கம். டீச்சர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாடம் நடத்துகிறார்.

என்னிடம் ஒன்றுதான் கேட்டார். வாரத்துக்கு இரண்டு பாடவேளை இங்கிலீஷ், பெயருக்கு இருக்கிறது. அதைவிட்டு, தினமும் காலையில் பள்ளி தொடங்குமுன் ஒரு மணி நேரம் தானே சொல்லிக்கொடுக்கிறேன், கமிட்டி அனுமதி வேண்டும் என்றார்.

"தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எதுக்கு டீச்சர் அவ்வளவு இங்கிலீஷ்?"

"பிள்ளைங்க ரோட்டைக் கடக்கணும் சார். அந்தப் பக்கம் எல்லாமே இங்கிலீஷ்லதானே இருக்கு."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது பெரிய இங்கிலீஷ் பள்ளி. டீச்சர் அதைச் சொன்னாரா, உலகத்தைச் சொன்னாரா?

பிப்ரவரி 24, ஞாயிறு

இங்கிலீஷ் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. நாலே நிமிடம். தலைவர் ஒரு முடிதிருத்தும் கடையைத் திறந்துவைக்கப் போகவேண்டியிருந்தது.

பிப்ரவரி 25, திங்கள்

சோறு போடும்போது அன்னம்மா கேட்டாள்: "உங்க கமிட்டிக்காரங்க பிள்ளைங்க எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குதா?"

விரல்விட்டுப் பார்த்தேன். பதினோரு பேர் கமிட்டியில். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சேர்த்து இருபத்து மூன்று. எல்லாரும் இங்கிலீஷ் பள்ளி. வளர்மதியில் ஒருவர்கூட இல்லை.

"நம்ம கோதை பேரைக் கான்வென்ட்டுல குடுத்தாச்சில்ல?" என்றாள். கொடுத்தாயிற்று. அடுத்த ஜனவரியில் சேரவேண்டும். ரசம் கேட்டேன்.

மார்ச் 20, புதன்

கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பில்லாமல் வரப்போகிறார். ஏப்ரல் பத்தாம் தேதி, காலை ஒன்பதரைக்கு. தலைவருக்குத் தெரிந்தவர் சொன்னது.

விஷயம் சாதாரணமில்லை. புதுச் சட்டப்படி ஆசிரியர் சம்பளமும் தலைக்கு இவ்வளவென்று உதவித்தொகையும் அரசாங்கம் கொடுக்கிறது. எங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் நாற்பது பேருக்குக் குறைந்தால் இரண்டும் நிற்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நாம்தான் அறுபத்து மூன்று ஆயிற்றே என்றேன். "வகுப்பு நிறைஞ்சு இருந்தா பார்க்க நல்லாருக்கும் தம்பி" என்றார் தலைவர்.

ஏப்ரல் 10, புதன்

எழுதியே ஆகவேண்டும்.

கூடம் வெள்ளையடித்து வாசனையாக இருந்தது. நாற்காலிகள் கல்யாணப் பந்தல்காரரிடம் இரவல். பிள்ளைகளும் இரவல்! கமிட்டிக்காரர்கள் அவரவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று இங்கிலீஷ் பள்ளிக்குச் சீட்டு அனுப்பிவிட்டுப் பன்னிரண்டு பேரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். செயலாளர் மட்டும் சும்மா வரலாமா? ஐந்து வயதுக் கோதையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தேன். ரஷீதா டீச்சர் வருகைப் பதிவில் அந்தப் பெயர்களை எழுதமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அமைதியான மனிதர். நாலாம் வகுப்பில் சட்டை மடிப்புக் கலையாத ஒரு பையனைப் பார்த்து, சுவரில் இருந்த படத்தின் கீழே எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னார். கிழக்குச் சுவர். 'பாடசாலைத் தலைவர் உயர்திரு மருதப்பன் அவர்கள்.' பையன் எழுந்தான். படத்தைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

"தாத்தா" என்றான்.

இன்ஸ்பெக்டர் தலைவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், "சரியான விடைதான்" என்றார்.

பிறகு பின் பெஞ்சில் ஒரு சின்னப் பெண்ணை எழுப்பினார். முனிசிபாலிட்டியில் ரோடு கூட்டும் முத்தாயியின் மகள். இங்கிலீஷில் கேட்டார். இங்கிலீஷில் பதில் சொன்னாள். தமிழில் கேட்டார். தமிழில் சொன்னாள். தன் தாய் காலை நாலரைக்கு வேலைக்குப் போவதையும், தான் தம்பிக்குச் சாயா போட்டுக்கொடுத்துவிட்டு இங்கிலீஷ் வகுப்புக்கு வருவதையும் இரண்டு மொழியிலும் பிசகில்லாமல் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏப்ரல் 11, வியாழன்

கோதை: "அப்பா, இன்னிக்கும் அந்த ஸ்கூலுக்குப் போலாமா?"

மே 19, ஞாயிறு

அறிக்கை வந்துவிட்டது. பிள்ளைகளின் இங்கிலீஷ் மிகச் சிறப்பு, தலைமையாசிரியை பாராட்டுக்குரியவர், கூரை ஒழுகுகிறது. கமிட்டி முதல் பகுதிக்காகத் தனக்குத்தானே நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. தலைவருக்கு மாலை. டீச்சர் பள்ளி நேரத்தில் வகுப்பை விட்டு வரக்கூடாது என்பதால் அவரை அழைக்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்றாம் வகுப்பு இப்போது மாடிப்படியில் நடக்கிறது.

நவம்பர் 29, வெள்ளி

நாலு பெற்றோர் விலகல் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். எதிர்ப்பக்க இங்கிலீஷ் பள்ளியில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார்களாம். "நம்ம டீச்சர் புண்ணியம் சார், புள்ள எல்லாத்துக்கும் டக்குனு பதில் சொல்லிட்டான்." ஒருவர் எனக்குச் சாக்லேட் கொடுத்தார்.

டிசம்பர் 5, வியாழன்

இந்த வாரத்தில் இன்னும் இருபத்தொன்று. மொத்தம் இருபத்தைந்து. மிச்சம் முப்பத்தெட்டு.

சாக்லேட் நான்கு டப்பா சேர்ந்துவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

கூட்டம். பத்துப் பேர் வந்திருந்தார்கள். இவ்வளவு பேர் வந்தே நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் ஏன் காலியாகிறது என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். யார் காலி செய்தது என்று கேட்டார்கள். "அளவுக்கு மேல சொல்லிக் குடுத்துட்டாங்க" என்றார் ஒருவர். "நம்ம கூரைக்குக் கீழயே இருந்துக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்கு ஆள் தயார் பண்ணியிருக்காங்க" என்றார் இன்னொருவர். அவர் மகன் அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

நூருல் அமீன் பாய் மட்டும் டீச்சருக்காக வாய் திறந்தார். "நாமதானே அனுமதி குடுத்தோம்? தீர்மானம் இருக்குல்ல?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். தலைவர் வருத்தமாகச் சொன்னார்: "அன்னிக்கு எனக்கு அவசரம் தம்பி. திறப்பு விழா."

பிறகு, "நான் மூணாவதுக்கு மேல படிக்கல. என்னை மாதிரி யாரும் நின்னுடக்கூடாதுன்னுதான் இதை ஆரம்பிச்சேன். இதை மூடினா நான் ரோட்டுல எப்படி நடப்பேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. நடிப்பில்லை. அதனால்தான் இன்னும் மோசமாகிப்போயிற்று.

தீர்மானம்: காலை இங்கிலீஷ் வகுப்பு நிறுத்தப்படுகிறது, தலைமையாசிரியையிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. எதிர்த்து நாலு கை. ஆதரித்து ஐந்து. ஆறாவது கை என்னுடையது.

ஏன் தூக்கினேன்? பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கினார், தூக்கினேன். தலைவர் என்னைப் பார்த்தார், தூக்கினேன். என் கை இல்லாமலே நிறைவேறியிருக்கும் — அதுதானே? நாலுக்கு ஐந்து. என் கை தேவையே இல்லை. அப்ப ஏன்டா தூக்கினே?

சட்டைப் பையில் கான்வென்ட் கடிதம் இருந்தது. கோதைக்கு இடம் உறுதியாம்.

டிசம்பர் 9, திங்கள்

டீச்சருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினேன். 'தாங்கள் கமிட்டியின் நோக்கத்துக்கு அப்பாற்பட்ட வகையில் மாணவர்களின் திறனை உயர்த்தியமை குறித்து...' நான் எழுதியதிலேயே நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

பதில் வந்தது. ஒரே வரி. 'நான் கற்பித்தது உண்மை. — ரஷீதா.'

டிசம்பர் 14, சனி

நாற்பதுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஜனவரி இருபதாம் தேதி இலாகா எண்ணிக்கை எடுக்கும். பாயும் நானும் வீடுவீடாகப் போனோம். முனிசிபல் கோட்டர்ஸில் முத்தாயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகளுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டார். எதிர்ப்பக்கப் பள்ளியில் இன்னும் சேர்க்கவில்லை.

பேசினேன். தாய்மொழி, நம் பிள்ளைகள், நம் பள்ளி என்று கூட்டத்தில் பேசுவதெல்லாம் பேசினேன். முத்தாயி கடைசிக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "உங்க புள்ள எங்க சார் படிக்குது?" என்றார்.

பாய் தரையைப் பார்த்தார்.

"ஜனவரியில் சேரணும். கான்வென்ட்டில் இடம் கிடைச்சிருக்கு."

"அப்ப ரோடு கூட்டுறவ புள்ளதான் தமிழைக் காப்பாத்தணுமா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க மொதல்ல உங்க புள்ளைய அங்க சேர்த்துட்டு வாங்க. அன்னிக்கே என் புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து விடுறேன். அந்த டீச்சரம்மா இருக்குற எடம், எனக்கென்ன."



டிசம்பர் 15, ஞாயிறு

கோதையை வளர்மதியில் சேர்க்கலாம் என்று அன்னம்மாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நீங்க கையைத் தூக்குவீங்க, தண்டனை என் மகளுக்கா?"

"கோதைக்கு அங்கே பிடிச்சிருக்கு."

"ஆறு வயசுக்கு ஐஸ்கட்டியும்தான் புடிக்கும். காசுக்காரங்க புள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம், நாம மட்டும் பெருமைக்கு இந்தப் பக்கமா?" பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த டீச்சர் இருப்பாங்களா?" என்றாள்.

இருப்பார் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

டிசம்பர் 18, புதன்

கான்வென்ட்டுக்கு எழுதிவிட்டேன். இடம் வேண்டாம் என்று. தபால்பெட்டியில் போட்டபிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினேன். எட்டவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ரஷீதா டீச்சர் ராஜினாமா.

எதிர்ப்பக்க இங்கிலீஷ் பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழியாக நடத்த ஆசிரியர் தேடிக்கொண்டிருந்தார்களாம். இங்கிருந்து போன பிள்ளைகளுக்கெல்லாம் இனி அவர்தான் தமிழ் டீச்சர். பிள்ளைகளை அனுப்பி வைத்தோம், பின்னாலேயே டீச்சரையும் அனுப்பி வைத்தோம். ஒரு வருடத்தில் எங்கள் கமிட்டி முழுதாகச் செய்து முடித்த காரியம் இது ஒன்றுதான்.

பணிச் சான்றிதழைக் கையில் கொடுக்க நானே போனேன். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்தில்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கை தூக்கினதை யாரும் வந்து சொல்லல சார். உங்க கடிதத்திலேயே தெரிஞ்சுது. அவ்வளவு அழகான தமிழ், மனசு உறுத்துறவங்கதான் எழுதுவாங்க."

"என் மகளை இங்கே சேர்க்கிறேன் டீச்சர்."

துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் போற வருஷமா பார்த்தா?" என்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையை அடக்க வேறு வழி தெரியவில்லை.

அன்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

1958 ஜனவரி 6, திங்கள்

கோதை சேர்ந்தாள். முப்பத்தொன்பது. முத்தாயி சொன்னபடி மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். டீச்சர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். வாக்குக் கொடுத்தாயிற்றே என்று விட்டுவிட்டுப் போனார். நாற்பது.

டீச்சர் போய்விட்டது அன்னம்மாவுக்குச் சாயங்காலம் தெரிந்தது. நாலு நாள் பேச்சு இருக்காது.

ஜனவரி 20, திங்கள்

எண்ணிக்கை எடுத்தார்கள். நாற்பது. பள்ளி பிழைத்தது. தலைவர் என் தோளைத் தட்டி, "செயலாளர்னா இப்படி இருக்கணும்" என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

போன வாரம் முத்தாயி மகள் என்னிடம் கேட்டாள்: "சார், இங்கிலீஷ் கிளாஸ் இனிமே இல்லையா?" ஆபீஸ் ஒன்பது மணிக்குத்தான். பள்ளி எட்டு மணிக்கு. ஏழிலிருந்து எட்டு வரை எனக்கு வேலையில்லை. கப்பல் கம்பெனிக் கடிதங்கள் எழுதுகிற இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று இன்று ஆரம்பித்துவிட்டேன். முதல் நாளே பிள்ளைகள் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்பதை இங்கிலீஷில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

கதவைத் திறக்கப் போனால் அன்னம்மா குடையோடு நிற்கிறாள். "புள்ளைய ஏழு மணிக்கு ஒத்தையாவா கூட்டிட்டுப் போவீங்க? நானும் வர்றேன். சின்ன வகுப்புக்கு எழுத்துப் பழக்கக்கூட ஆளில்லையாமே."

மே 18, ஞாயிறு

கமிட்டி காதுக்கு எட்டிவிட்டது. தடைசெய்த இங்கிலீஷ் வகுப்பைக் காலையில் யாரோ நடத்துகிறார்களாம். செயலாளர் விசாரித்து அறிக்கை தரவேண்டும் என்று தீர்மானம்.

விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விசாரணை தொடர்கிறது. பாய் தன் கடையிலிருந்து சிலேட்டும் பென்சிலும் அனுப்பியிருக்கிறார். சாட்சியங்கள் என்று சொல்லிக் கண்ணடித்தார்.

நவம்பர் 28, வெள்ளி

முத்தாயி வந்தார். மகளுக்கு விலகல் சான்றிதழ். இன்னும் ஆறு பேருக்கும். ஏழையும் நானே எழுதினேன். நடத்தை: நன்று. படிப்பு: மிக நன்று. மனசு... அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

மிச்சம் முப்பத்து மூன்று. ஜனவரியில் மூடிவிடுவார்கள்.

1959 ஜனவரி 5, திங்கள்

காலை ஆறரைக்கே வாசலில் ஆட்கள். ஏதோ தகராறு என்று நினைத்தேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த பெற்றோர்! "இங்க ரெண்டு மூணு வருஷம் விட்டா தமிழும் வரும், இங்கிலீஷும் வரும், அப்புறம் அந்தப் பக்கம் போயிடலாம்னு முத்தாயி சொன்னாங்க சார்." மறைக்கக்கூட இல்லை. போவதற்காகவே வருகிறார்கள். பத்தொன்பது பேர். ஐந்தாம் வகுப்பில் மிஞ்சியது மூன்று, ஆறாம் வகுப்பில் ஒருத்தி. மொத்தம் ஐம்பத்திரண்டு. தலைவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, "ஒண்ணாவது நிரம்பி வழியுதே!" என்றார். மேல் வகுப்புப் பக்கங்களை அவர் திருப்பவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆபீஸுக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் ரஷீதா டீச்சர். ஒரு வருடம் ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பார்க்காமலே நடந்திருக்கிறோம். அவர்தான் முதலில் பேசினார்.

"இந்த வருஷம் ஏழு பேர் அனுப்பியிருக்கீங்க."

"மன்னிக்கணும் டீச்சர். அவர்கள் இங்கிலீஷ் கொஞ்சம் கப்பல் கம்பெனி வாடையடிக்கும்."

"அதை நாங்க சரி பண்ணிக்குவோம். சொல்ல வந்தது அதில்ல." கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "என் வகுப்புல நாற்பத்து ரெண்டு தமிழ்ப் பிள்ளைங்க சார். தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவங்க உங்க பக்கத்திலிருந்து வந்தவங்க மட்டும்தான். மத்தவங்களுக்கு அவங்களை வச்சுத்தான் சொல்லிக்குடுக்கிறேன். இன்னும் அனுப்புங்க."

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி நின்றுகொண்டு, "அடுத்த வருஷம் ஒன்பது பேர்!" என்று கத்தினேன். நடத்துநர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆபீஸ் இருக்கும் கோலியர் கீயில் இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஒன்பதைக் கோதையைச் சேர்த்துச் சொன்னேனா, சேர்க்காமலா?